வீட்டுப் போர்ட்டிகோவில் பைக் ராம்ப்: குறைந்த விலையில் வாங்கி, நம்பி ஏற்றும் அளவுக்குக் கொண்டுவந்த பதிவு

கொரட்டூரில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு கார் தாராளமாக நிற்கும். கார் இல்லாததால் அந்த இடம் முழுக்க இரண்டு பைக்குகளுக்கும் டூல் பெட்டிக்கும்தான். ஒன்று 2016 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. மற்றது மாமா வைத்திருந்து எனக்குக் கொடுத்த யமஹா ஆர்எக்ஸ் 100. ஆயில் மாற்றுவதிலிருந்து கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போடுவது வரை இரண்டுக்கும் நானே வேலை பார்க்கிறேன். வண்டியை அப்படியே மேலே தூக்கி நிறுத்தும் கால்மிதி ஹைட்ராலிக் ராம்ப் ஒன்றை வாங்கி, வீட்டில் நிறுத்தி, நம்பி வேலை செய்கிற நிலைக்குக் கொண்டுவந்ததை இங்கே எழுதுகிறேன். ராம்ப் வந்து இறங்கிய அன்றைக்கே வண்டியை ஏற்ற நினைக்கிறவர்களுக்கு இது நீளமாகத் தெரியலாம். ஆனால் 190 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றின் கீழே கையையும் தலையையும் கொடுக்கப் போகிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

ராம்ப் வேண்டும் என்று முடிவு செய்யவைத்தது கிளாசிக்கின் பின்சக்கரம். அந்த வண்டியின் பின் மட்கார்டு ஆழமாக இறங்கி வரும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஆக்ஸிலை உருவினாலும், சக்கரம் மட்கார்டில் இடித்து உள்ளேயே நின்றுவிடும். இன்னொருவர் வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடிக்க, சந்து கிடைத்த நேரத்தில் சக்கரத்தை இழுத்து எடுக்க வேண்டும். பஞ்சர் கடைகளில் புல்லட் வந்தால் உதவிக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடுவது இதற்குத்தான். வீட்டில் தனியாக வேலை பார்க்கிறவனுக்கு அந்த இரண்டாவது ஆள் எப்போதும் கிடைப்பதில்லை.

இன்னொரு காரணம் முட்டி. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்தான் எனக்குக் கிளட்ச் பிளேட் மாற்றக் கற்றுக்கொடுத்தவர். இப்போது கீழே உட்கார்ந்தால் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். "தம்பி, உட்கார்ந்து உட்கார்ந்தே ரெண்டு முட்டியும் போச்சு. நீயாவது நின்னு வேலை செய்யப் பாரு" என்று அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எதை வாங்குவது

பேடாக் ஸ்டாண்ட் ஏற்கெனவே இருந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குக் கீழே கொடுத்தால் பின்சக்கரம் நாலு விரல் உயரம் எழும்பும். செயின் கழுவ, அதற்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்க அது போதும். ஆனால் வேலை நடப்பது அதே தரையில்தான்.

அடுத்தது, இன்ஜினுக்குக் கீழே வைக்கிற சிசர் ஜாக். விலை குறைவு, இடமும் அடைக்காது. அடியில் இரண்டு சேசிஸ் குழாய்கள் ஓடுகிற வண்டிகளுக்கு அது நல்ல சாமான். என் கிளாசிக்குக்குச் சரிவராது. அந்த யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும்) இன்ஜின் சேசிஸின் ஓர் உறுப்பாகவே வேலை செய்கிறது. முன்னால் ஒற்றைக் குழாய் இறங்கி இன்ஜினோடு முடிந்துவிடும். அடியில் குழாய் கிடையாது. ஜாக்கின் தட்டு போய் உட்காரும் இடம் அலுமினிய கேஸிங். ரப்பர் ஷீட் வைத்துத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆக, முழு வண்டியும் ஏறி நிற்கிற மேஜை ராம்ப். இதில் காற்றில் ஓடுவது, கரண்டில் ஓடுவது, காலால் மிதிப்பது என்று மூன்று வகை. காற்றுக்குக் கம்ப்ரெஸர் வேண்டும். கரண்டில் ஓடுவது என் பட்ஜெட்டைத் தாண்டியது. ஒரு நாளைக்கு ஒரு வண்டி ஏறி இறங்கும் வீட்டுக்குக் கால்மிதி போதும். நான் விசாரித்த இடங்களில் கால்மிதி ராம்ப் 20,000 ரூபாயிலிருந்து 35,000 வரை சொன்னார்கள், ஜிஎஸ்டி தனி. நான் எடுத்தது இதில் கீழ்ப்பாதி விலையில்.

பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் மெஷினரி, டூல்ஸ் கடைகள் வரிசையாக உண்டு. படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவதைவிட அங்கே நேரில் போய்க் கையால் தொட்டுப் பார்ப்பதையே நான் விரும்பினேன். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு ராம்ப்கள் பார்த்தேன். ஒன்றின் பக்கவாட்டில் 500 கிலோ என்று பெரிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. மற்றதில் 350 கிலோ. நான் எடுத்தது 350.

காரணம் இரும்புப் பின் (pin). மேஜையைத் தூக்கும் கத்தரிக்கால்கள் (கத்தரிக்கோல் போல மடிந்து விரியும் கால்கள்) குறுக்கே சேருமிடத்திலும் முனைகளிலும் ஒரு பின் இருக்கும். அதன் மேல்தான் கால்கள் திரும்புகின்றன. 500 என்று எழுதியிருந்ததில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் பின் 16 மி.மீ., முனையில் மெல்லிய ஸ்ப்ளிட் பின். 350-இல் 20 மி.மீ. பின், காடி வெட்டி சர்க்ளிப் போட்டு, ஒவ்வொன்றிலும் கிரீஸ் நிப்பிள். விட்டத்தில் வித்தியாசம் 4 மி.மீ.தான். ஆனால் வெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடும், அதனால் 20 மி.மீ. பின்னில் இரும்பு ஏறக்குறைய 56 சதவீதம் அதிகம். பெயின்டில் எழுதின எண்ணைவிட வெர்னியர் சொல்கிற எண்ணைத்தான் நான் நம்புவேன்.

அதைவிட முக்கியம் லாக். ஹைட்ராலிக் சிலிண்டருக்கு வேலை தூக்குவது மட்டும். தூக்கியதைத் தாங்குவது அதன் வேலை இல்லை, இரும்பின் வேலை. சிலிண்டருக்குள் எண்ணெயை நிறுத்தி வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும், மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு எஃகு உருண்டையும்தான். இரண்டில் எது சரியில்லாவிட்டாலும் மேஜை இறங்கும். 500 கிலோ ராம்ப்பில் லாக் என்று கொடுத்திருந்தது, கால்களின் ஓட்டைகளில் குறுக்கே செருகும் ஒரு கம்பி. கையால் ஆட்டினால் அதன் ஓட்டையிலேயே தாளம் போட்டது. நான் வாங்கியதில் அடிச்சட்டத்தில் பல்வெட்டிய பட்டை இருக்கிறது. மேஜை ஏற ஏற இரண்டு பக்கமும் ஒரு கனமான நாக்கு ஒவ்வொரு பல்லிலும் டக் டக்கென்று விழும். கடைக்காரர் மிதித்துக் காட்டும்போது அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று குனிந்து கேட்டேன். வந்தது.

வெல்டிங்கில் நான் தேடிப் பார்த்தது சிலிண்டரின் அடி பிடிப்பைத்தான். மேஜை கீழே இருக்கும்போது கால்கள் ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும். அப்போது மேலே கிளப்பத்தான் மிக அதிக விசை வேண்டும். கணக்குப் போட்டால், கால்கள் தரையோடு 15 பாகையில் இருக்கும்போது 200 கிலோவைக் கிளப்பக் கிடையாகத் தள்ள வேண்டிய விசை ஏறக்குறைய 750 கிலோ. அதே கால்கள் 45 பாகைக்கு வந்துவிட்டால் 200 கிலோ போதும். மிதிக்கும்போது முதல் சில அங்குலம் கனமாகவும் பிறகு லேசாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆக, சிலிண்டரின் அடியைச் சட்டத்தோடு பிடிக்கிற வெல்டிங்தான் ஒவ்வொரு முறையும் அதிக அடி வாங்குகிறது. அங்கே வெல்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஊசித்துளைகள் இருக்கக் கூடாது, ஓரத்தில் தாய் இரும்பைத் தின்றிருக்கக் கூடாது.

கடைசியாக, டேப் வைத்து அளந்தது. இந்த மாதிரி ராம்ப்களில் பின்பக்கம் ஒரு பலகையைத் தனியே கழற்றலாம், சக்கரம் அந்த ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். ஆனால் உங்கள் வண்டியின் பின்சக்கரம் அந்த ஓட்டைக்கு நேராக வர வேண்டுமே! முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவ்வியிலிருந்து ஓட்டையின் நடுவரை உள்ள தூரமும், வண்டியின் இரு ஆக்ஸில்களுக்கு இடையேயான தூரமும் ஒத்துவர வேண்டும். கிளாசிக்குக்கு அது 1.4 மீட்டரை ஒட்டி இருக்கும். சென்டர் ஸ்டாண்டின் பாதங்கள் ஓட்டைக்கு முன்னாலேயே மேஜைமேல் நிற்கின்றனவா என்பதும் அதே அளவு முக்கியம். வீட்டிலேயே இந்த அளவுகளை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துப்போயிருந்தேன். கவ்வியை முன்னும் பின்னும் நகர்த்த ராம்ப்பில் ஓட்டைகள் இருந்ததால் இரண்டு வண்டிக்கும் பொருந்தியது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சில ராம்ப்கள் கத்தரிக்கால் இல்லாமல், இணையான கால்களில் சாய்ந்து எழும்பும். அவை மேலே போகும்போது முன்பக்கமோ பின்பக்கமோ ஒன்றரை அடி வரை நகரும். சுவரோரம் வைக்கிறவர்கள் வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

தரை

ராம்ப்பைக் குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவந்து, கேஸ் பைப் துண்டுகளை உருளையாக வைத்துத் தள்ளி உள்ளே சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை.

சென்னை வீடுகளில் போர்ட்டிகோ தரை மட்டமாக இருக்காது, இருக்கவும் கூடாது. மழைத்தண்ணீர் கேட் பக்கம் ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்துத்தான் போடுவார். மேலே பார்க்கிங் டைல். ராம்ப்புக்கு இரண்டுமே பிரச்சினை. வாட்டத்தில் நின்றால் அடிச்சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும். கால்களின் கீழ்முனையில் இருக்கும் உருளைகள் காடிக்குள் ஓடுகின்றன. சட்டம் முறுக்கினால் ஒரு உருளை தூக்கிக்கொண்டு மற்றதன் மேலேயே எடை விழும். டைலுக்கோ, கீழே கலவை சரியாக நிரம்பாத இடத்தில் பாதம் உட்கார்ந்தால் விரிசல் நிச்சயம்.

ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்தேன். கேட் பக்கத்து டைல்கள் பொள்ளென்று சத்தம் கொடுத்தன. வீட்டுப் படி ஓரம் கெட்டியாக இருந்தது. ராம்ப் அங்கேதான் என்று முடிவு செய்தேன். நான்கு பாதங்களுக்கும் 8 அங்குலச் சதுரத்தில் 6 மி.மீ. எம்எஸ் பிளேட் வெட்டி வாங்கினேன். தாழ்ந்த பக்கத்துப் பாதங்களுக்கு மட்டும் மேலும் பிளேட் அடுக்கி, ரசமட்டம் வைத்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் சரிபார்த்தேன். பிளேட்டுக்கும் டைலுக்கும் நடுவே பழைய லாரி டியூபில் வெட்டிய ரப்பர். நகர்த்துவதற்கான சின்னச் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி திருகி உயர்த்திவிட்டேன். வேலை நேரத்தில் எடை பாதங்களில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

சிமெண்ட் மூட்டைச் சோதனை

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு ஐந்து சிமெண்ட் மூட்டைகளை ஓர் இரவுக்குக் கடன் வாங்கினேன். மூட்டை 50 கிலோ, ஆக 250 கிலோ. கிளாசிக்கைவிட அதிகம், ராம்ப்பின் 350-க்குள் அடக்கம். விழுந்தால் மூட்டைதான் விழும், வண்டி இல்லை. ராம்ப் வாங்குகிற யாரும் இதைத் தவிர்க்கக் கூடாது என்பேன்.

முதலில் காற்றெடுப்பு. புது ராம்ப் வண்டியில் குலுங்கி வருவதால் பம்ப்பில் காற்று புகுந்திருக்கும். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். மூட்டை இல்லாமல், மேஜையை இறக்குவதற்கான ரிலீஸ் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பம்ப் மிதியை வேகமாக அடித்தேன். பிறகு தொட்டி மூடியைத் திறந்து எண்ணெய் அளவைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றினேன். ராம்ப்பின் ஸ்டிக்கரில் ஐஎஸ்ஓ விஜி 32 ஹைட்ராலிக் ஆயில் என்று இருந்தது, அதையே வாங்கினேன். சிலர் வீட்டில் இருக்கிற பிரேக் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது உள்ளே இருக்கும் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும், ஒருபோதும் வேண்டாம்.

மூட்டைகளை அடுக்கி, மேலே ஏற்றி, வேண்டுமென்றே லாக்கின் நாக்கை விலக்கிக் கட்டிவைத்துவிட்டு, ஒரு காலில் உருளை நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். குழந்தைகள் பக்கம் வராதபடி கேட்டைப் பூட்டினோம். காலையில் பார்த்தபோது மேஜை இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. வெளியே எங்கும் எண்ணெய்க் கசிவு இல்லை. வெளியே ஒழுகாமல் இறங்குகிறது என்றால் எண்ணெய் உள்ளேயே திரும்பித் தொட்டிக்குப் போகிறது, அதாவது பெரும்பாலும் ரிலீஸ் வால்வு சரியாக மூடவில்லை.

மூட்டைகளை இறக்கி, மேஜையை முழுக்கக் கீழே விட்டபின் வால்வைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதற்குப் பின்னால் அந்த எஃகு உருண்டை. காந்தக் குச்சியால் உருண்டையை எடுத்தபோது, அதோடு தலைமுடி மாதிரி மெல்லிய இரும்புச் சுருள் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. துளை போட்டபோது விழுந்த பிசிறு, கழுவாமலே அடைத்திருக்கிறார்கள். டார்ச் அடித்து உட்காரும் வட்டத்தைப் பார்த்தேன். ஓரிடத்தில் கீறல் மினுங்கியது. மண்ணெண்ணெய் விட்டு நன்றாகக் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றடித்துக் காயவைத்தேன். துணியில் இருந்து நூல் விழுந்தால் மறுபடி அதே கதை. உருண்டையை அதன் இடத்தில் வைத்து, பித்தளைக் கம்பியை அதன்மேல் நிறுத்தி, சின்ன சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு. எஃகு உருண்டை தன் அச்சைத் தானே அந்த வட்டத்தில் பதித்துக்கொள்ளும். பாட்டில் ஜாக் சரிசெய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற முறை இது. தொட்டி எண்ணெயையும் வடித்துப் புதிதாக ஊற்றினேன். சுருள் ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும்.

மறுபடி அதே மூட்டைகள், அதே கோடு. இந்த முறை காலையில் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

விற்ற இடத்தில் சொன்னால் மாற்றித் தந்திருப்பார்கள். ஆனால் இந்த விலை ராம்ப்பில் பெரிய இரும்பு வேலை சரியாக இருந்து, இப்படிச் சின்னச் சுத்தம் மட்டும் விடுபட்டிருந்தால் நான் அதை நல்ல ராம்ப் என்றே சொல்வேன். மெல்லிய பின்னை வீட்டில் தடிமனாக்க முடியாது. வால்வைக் கழுவ முடியும்.

வெல்டிங் வேலைகள்

மேஜையின் அகலம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் அதிகம். கிளாசிக்கை அதன் நடுவில் நிறுத்தினால் சைடு ஸ்டாண்டின் பாதம் விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. வண்டியை ஏற்றிய உடனே, கட்டுவதற்கு முன்பு, சைடு ஸ்டாண்டில் நிறுத்தியே ஆக வேண்டும். எனவே இடது விளிம்பில் ஒரு தட்டு சேர்க்க வேண்டியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிச் சின்ன வெல்டிங் பட்டறைகள் நிறைய. அதில் ஒருவர் மெஷினோடு வீட்டுக்கே வந்தார்.

"சார், பட்டையை ஓரத்துல ஒட்டி ஒரு லைன் இழுத்துட்டா போதும்" என்றார்.

"இல்லண்ணே, வண்டி எடை இதுமேலதான் சாயும். கீழ ரெண்டு முக்கோணத் துண்டு வெச்சு அடிங்க. முதல்ல டேக் (புள்ளி வெல்டு) மட்டும் போடுங்க, வண்டிய ஏத்திப் பாத்துட்டு ஃபுல்லா அடிக்கலாம்."

டேக் போட்டு, அவரும் நானுமாக வண்டியை ஏற்றிப் பார்த்ததில் ஸ்டாண்ட் விழும் இடம் நான் குறித்ததைவிடச் சற்றுப் பின்னால் வந்தது. தட்டை நகர்த்தி முழு வெல்டு அடித்தோம். கிளம்புவதற்குள் அவராகவே பெல்ட் மாட்ட நான்கு மூலையிலும் கம்பி வளையம் வைத்துக்கொடுத்தார். "கட்டுறதுக்கு இடம் இல்லாம எப்படி சார் தூக்குவீங்க" என்றார். சரியான கேள்வி. வெல்டு பட்ட இடங்களைத் தேய்த்து ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து, மேலே எனாமல்.

முன்சக்கரக் கவ்வியின் தாடைகள் வெறும் ஆங்கிள் இரும்பு. அதன் கூர்விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கடிக்கும் என்பதால் அங்கேயும் டியூப் ரப்பர் ஒட்டினேன். ஆர்எக்ஸ் 100-இன் முன்டயர் ஒல்லி, கவ்வி முழுக்க மூடியும் பிடிக்கவில்லை. இரண்டு தேக்குக் கட்டைகளைச் சீவி இருபக்கமும் செருகிக்கொள்கிறேன்.

ஏற்றும் முறை

யாரும் வண்டியில் உட்கார்ந்து ஏற்றாதீர்கள். இடப்பக்கம் நின்று தள்ளித்தான் ஏற்ற வேண்டும். ஆர்எக்ஸை ஏற்ற நான் ஒருவனே போதும். கிளாசிக்குக்கு பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்துத் தள்ளினால் சுலபம். ஆள் இல்லாவிட்டால் இன்ஜினைப் போட்டு முதல் கியரில் அரைக் கிளட்ச்சில் பக்கத்தில் நடந்தே ஏற்றுகிறேன். முன்சக்கரம் கவ்வியில் உட்கார்ந்ததும் முன்பிரேக்கை விடாமல் சைடு ஸ்டாண்ட். பிறகு கவ்வி. பிறகு முன்னால் இரண்டு ராட்செட் பெல்ட்டுகள், ஃபோர்க்கின் இரு குழாய்களையும் இணைக்கும் கீழ் டி-யில் மாட்டி மூலை வளையங்களுக்கு. ஹேண்டில்பாரில் மாட்டினால் அது திரும்பும், வழுக்கும். ஃபோர்க் கொஞ்சம் அமுங்குகிற அளவு இறுக்கினால் போதும்.

வேண்டிய உயரம் வந்து நாக்கு பல்லில் விழுந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போதும் எடை எண்ணெய் மேல்தான் இருக்கிறது. ரிலீஸ் மிதியை மெதுவாக அழுத்தி, மேஜையை அரை அங்குலம் கீழே விட்டு, நாக்கு பல்லில் இறுக உட்காரும்வரை இறக்க வேண்டும். டொக் என்ற சத்தத்தோடு மேஜை நின்றுவிடும். அதன்பிறகுதான் எடை இரும்பின் மேல். நான் கையால் இரண்டு நாக்குகளையும் ஆட்டிப் பார்ப்பேன். அசையாமல் இருந்தால் மட்டும் ஸ்பேனரை எடுப்பேன். பம்ப் மிதியைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிடுவதும் பழக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

துருப்பிடித்து இறுகிய நட்டுகளை ராம்ப் கீழே இருக்கும்போதே லூஸ் செய்துவிடுகிறேன். ஆக்ஸில் நட்டுக்கு நீளமான கைப்பிடி போட்டு முழு பலத்தோடு பக்கவாட்டில் தள்ளும்போது, இடுப்பு உயரத்தில் நிற்கும் வண்டிக்கு அடித்தளம் இரண்டடிதான்.

பின்சக்கரம்

வாங்கியதற்கு முழுப் பலனும் இங்கேதான் கிடைத்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்னால் கட்டி, மேலே ஏற்றி லாக்கில் உட்காரவைத்தபின் பின்பலகையைக் கழற்றினேன். சக்கரம் வெறும் காற்றில் தொங்குகிறது. பிரேக் ராடின் நட்டைக் கழற்றினேன். செயின் லாக்கை எடுத்து, செயின் முனை கீழே இழுபடாமல் கம்பியால் கட்டினேன். ஏற்கெனவே லூஸ் செய்திருந்த ஆக்ஸில் நட்டைக் கையாலேயே சுழற்றி, நைலான் சுத்தியலால் ஆக்ஸிலைத் தட்ட, இன்னொரு கை சக்கரத்தின் கீழே. கடைசி அங்குலத்தில் ஸ்பேசர் தானாகவே கையில் விழுந்தது. சக்கரம் நேராகக் கீழே இறங்கி, ஓட்டை வழியாகத் தரையில் நின்றது. வண்டியைச் சாய்க்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.

கண்ணுக்கு நேராக இருப்பதால் தெரிகிற விஷயங்கள் வேறு. ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒருபக்கமாகக் கொக்கி போலத் தேய்ந்திருந்ததைத் தரையில் உட்கார்ந்து பார்த்தபோது நான் கவனித்திருக்க மாட்டேன். ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டியதும் புஷ்ஷில் லேசான ஆட்டம் தெரிந்தது. செயின் செட்டோடு அதையும் சேர்த்து மாற்றினேன். பார்ட்ஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எடுத்தது. ஆர்எக்ஸுக்கு என்றால் புதுப்பேட்டைதான் கதி. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டிக்குச் சில பழைய சாமான்கள் அங்கேதான் ஒரிஜினலாகக் கிடைக்கும்.

முன்சக்கரம், கோன் செட் வேலைக்குக் கட்டும் முறை வேறு. முன்பக்கம் இறக்கிவிட்டால் எடை முழுக்கப் பின்னால் போகும். எனவே பின்சக்கரத்தை மேஜையோடு பெல்ட் போட்டு இறுக்கி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டையும் அதன்மேல் ரப்பரும் முட்டுக்கொடுத்த பிறகே கவ்வியைத் திறக்கிறேன்.

மெக்கானிக் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சுற்றிப் பார்த்தார். அதிலிருந்து கிளட்ச் வேலை, ஃபோர்க் ஆயில் சீல் மாதிரி நேரம் பிடிக்கிற வேலை வந்தால் வண்டியை இங்கே ஓட்டிவந்துவிடுகிறார். அவர் நின்றுகொண்டு வேலை பார்ப்பதைப் பார்க்க எனக்கு மனநிறைவாக இருக்கிறது. பக்கத்தில் நின்று நானும் கற்றுக்கொள்கிறேன்.

மழையும் துருவும்

இந்தப் பயனை எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கிளாசிக்கை ராம்ப்பில் ஏற்றி, முழு உயரத்தில் லாக் போட்டு, நான்கு மூலையும் கட்டிவிட்டேன். ஆர்எக்ஸை நாங்கள் இரண்டு பேர் தூக்கி வீட்டுப் படிமேல் ஏற்றினோம். போர்ட்டிகோவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. சைலன்சரும் ஏர் ஃபில்டரும் அதற்கு எட்டாத உயரத்தில் இருந்தன. தண்ணீர் புகுந்த இன்ஜினில் ஆயில் மோர் நிறத்துக்கு மாறி நிற்பதைத் தெருவில் பல வண்டிகளில் பார்த்தேன்.

ராம்ப்புக்கு அந்தத் தண்ணீர் சும்மா போகவில்லை. பம்ப்பின் தொட்டி கீழேதான் இருக்கிறது, மூடியில் காற்றுத்துளை உண்டு. வடித்துப் பார்த்தால் எண்ணெய் வெளுத்திருந்தது. முழுக்க வடித்து, புது எண்ணெய் ஊற்றி, மிதித்து ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்றினேன். இப்போது மழைக்காலத்துக்கு முன்பே மூடியின் மேல் பாலித்தீன் கட்டிவிடுகிறேன். ராம்ப்பை இயக்கும்போது மட்டும் கழற்ற வேண்டும்.

மற்ற நாட்களில் ராம்ப்பை எப்போதும் கீழே இறக்கியே வைக்கிறேன். அப்போது சிலிண்டரின் பளபளப்பான தண்டு உள்ளே போய்விடும். வெளியே நீட்டியபடி விட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் அதன்மேல் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும், அந்தச் சொரசொரப்பு ஒவ்வொரு இயக்கத்திலும் சீலை அறுக்கும். மாதம் ஒருமுறை தண்டை வெளியே எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்து, பின்களுக்கு கிரீஸ் கன் போட்டு, உருளை ஓடும் காடியில் மண்ணைத் துடைத்துவிடுகிறேன்.

சீல் என்றைக்காவது போகும், அதற்குக் கம்பெனி கிட் தேடி அலைய வேண்டியதில்லை. ஹைட்ராலிக் சீல்கள் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் என்ற மூன்று அளவில் விற்கின்றன. பாரிமுனையில் சீல், ஓ-ரிங் மட்டுமே விற்கும் கடைகள் உண்டு, பழையதைக் காட்டினாலே எடுத்துத் தருவார்கள். மழைக்குப் பின் பம்ப்பைத் திறந்தபோதே வெர்னியரில் அளந்து, அந்த மூன்று எண்களையும் ராம்ப்பின் அடிச்சட்டத்தில் பெயின்ட் மார்க்கரால் எழுதி, ஒரு செட் வாங்கி டூல் பெட்டியில் போட்டிருக்கிறேன்.